பைக்கில் சின்னச் சின்னக் கோளாறுகள்: அறிகுறியிலிருந்து காரணத்தைப் பிடிப்பது எப்படி?

வண்டியில் ஏதோ சரியில்லை என்று பட்டதும் கை நேராக ஸ்பேனருக்குத்தான் போகும். கொஞ்சம் பொறுங்கள். அதற்கு முன் ஒரு கேள்வி கேட்டுக்கொண்டால் பாதி வேலை மிச்சம்: இந்தத் தொல்லை ஆரம்பிப்பதற்கு முன் கடைசியாக வண்டியில் எதைத் தொட்டோம்? தண்ணீர் விட்டுக் கழுவினோமா, ஆயில் மாற்றினோமா, பஞ்சர் ஒட்டினோமா, செயினை டைட் வைத்தோமா, பல்பு மாற்றினோமா? நாமே சரிசெய்யக்கூடிய கோளாறுகளில் நிறைய, வேறொரு வேலையின் வாலைப் பிடித்துக்கொண்டு வந்தவைதான்.

அப்புறம், ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். ஸ்பார்க் பிளக்கை மாற்றி, ஏர் ஃபில்டரைத் துடைத்து, ஐடிலையும் (ஆக்ஸிலேட்டர் தராதபோது இன்ஜின் ஓடும் வேகம்) ஏற்றிவிட்டால் வண்டி சரியாகலாம். எதனால் சரியானது என்பது மட்டும் தெரியாது. அதே கோளாறு திரும்பி வந்தால் மறுபடி முதலிலிருந்து தொடங்கவேண்டும்.

கீழே நான் சொல்லும் அளவுகள் சிறிய, நடுத்தர வண்டிகளுக்கான பொது அளவுகள். உங்கள் வண்டியின் மேனுவலில் வேறு எண் இருந்தால் அதையே எடுத்துக்கொள்ளுங்கள்.

செல்ஃப் பட்டனை அழுத்தினால் சத்தமே இல்லை, அல்லது ‘டிக்’ மட்டும்

இவை இரண்டும் வேறு வேறு கோளாறுகள். சத்தமே வரவில்லை என்றால் உடனே பேட்டரி மேல் பழி போடாதீர்கள். இன்ஜினை அணைக்கும் கில் சுவிட்ச் தள்ளிப்போயிருக்கிறதா, கியர் நியூட்ரலில் இருக்கிறதா, சைடு ஸ்டாண்ட் முழுதாக மேலே ஏறியிருக்கிறதா என்று பாருங்கள். சைடு ஸ்டாண்ட் சுவிட்சில் சேறு அடைத்துக்கொள்வது சாதாரணமாக நடப்பது. பல வண்டிகளில் கிளட்ச் லிவரின் அடியிலும் ஒரு குட்டி சுவிட்ச் உண்டு. லிவரை முழுதாகப் பிடிக்காவிட்டால் செல்ஃப் எடுக்காது. இவையெல்லாம் சரியாக இருந்தால் ஃபியூஸைப் பாருங்கள். போன ஃபியூஸுக்குப் பதில் அதே ஆம்பியர் ஃபியூஸ்தான் போடவேண்டும். கம்பியையோ வெள்ளித்தாளையோ சுற்றி வைத்தால், அடுத்த முறை ஃபியூஸுக்குப் பதிலாக வயரிங் எரியும்.

‘டிக்’ என்று ரிலே மட்டும் அடித்தால் பேட்டரியில் கரண்ட் இருக்கிறது, இன்ஜினைச் சுற்றும் அளவுக்கு இல்லை என்று அர்த்தம். பட்டனை அழுத்தும்போது மீட்டர் விளக்கும் மங்கிப்போகும். மல்டிமீட்டர் இருந்தால் சந்தேகத்தை அங்கேயே தீர்த்துக்கொள்ளலாம். இரவு முழுக்க நின்ற வண்டியில் 12.6 வோல்ட் காட்டினால் பேட்டரி நிறைந்திருக்கிறது. 12.2 என்றால் ஏறக்குறைய பாதி காலி. இன்ஜினை ஓடவிட்டு ஆக்ஸிலேட்டரைக் கொஞ்சம் முறுக்கிப் பிடித்து அளந்தால் 13.5 முதல் 14.5 வரை வரவேண்டும். அது வராத வண்டியில் புது பேட்டரி போட்டாலும் சில நாளில் அதுவும் இறங்கிவிடும். 15-ஐத் தாண்டிப் போனால் வோல்ட்டைக் கட்டுப்படுத்தும் ரெகுலேட்டர் கெட்டிருக்கிறது. பல்புகள் அடிக்கடி போய்க்கொண்டிருந்தால் இந்தச் சந்தேகம் உறுதியாகும்.

டெர்மினலில் வெள்ளையாகவோ பச்சையாகவோ உப்புப் பூத்திருந்தால் முதலில் அதைச் சுத்தம் செய்யுங்கள். நெகட்டிவ் வயரை முதலில் கழற்றி, மாட்டும்போது கடைசியில் மாட்டவேண்டும். வரிசை மாறினால், பாசிட்டிவில் வைத்த ஸ்பேனர் வண்டியின் இரும்பில் உரசிய நொடியில் தீப்பொறி பறக்கும். சமையல் சோடாவைத் தண்ணீரில் கரைத்து, பழைய பல்துலக்கியால் தேய்த்து, நன்றாக உலரவிட்டு இறுக்குங்கள். மேலே லேசாக வாசலின் பூசினால் உப்புச் சீக்கிரம் பூக்காது.

ஸ்டார்ட் ஆகிறது, ஆனால் மிஸ் அடிக்கிறது

வண்டியைக் கழுவிய மறுநாள் இன்ஜின் இப்படி விட்டுவிட்டு ஓடினால் பிளக் கேப்பைக் கழற்றி உள்ளே தண்ணீர் இருக்கிறதா என்று பாருங்கள். துடைத்து உலர்த்தி மாட்டினால் பெரும்பாலும் சரியாகிவிடும்.

அப்படியும் போகவில்லை என்றால் பிளக்கைக் கழற்றுங்கள். இன்ஜின் ஆறியிருக்கவேண்டும், சூட்டில் கழற்றினால் அலுமினிய ஹெட்டின் மரை பிய்ந்துகொண்டு வரும். கழற்றுவதற்கு முன் சுற்றியுள்ள மண்ணை ஊதித் தள்ளுங்கள், இல்லாவிட்டால் அது நேராக சிலிண்டருக்குள் விழும். பிளக்கின் முனை வெளிர் பழுப்பாக இருந்தால் எரிப்பு நன்றாக நடக்கிறது. கரிப்பொடி அப்பியிருந்தால் பெட்ரோல் அதிகம் அல்லது காற்று குறைவு. அடைத்த ஏர் ஃபில்டர்தான் முதல் சந்தேகம். எண்ணெய்ப் பசையோடு ஈரமாக இருந்தால் இன்ஜின் ஆயில் உள்ளே ஏறுகிறது. அது மெக்கானிக்கிடம் போகவேண்டிய வேலை. சுண்ணாம்பு போல வெளுத்திருந்தால் இன்ஜின் அளவுக்கு மீறிச் சூடாகிறது. பிளக்கில் தீப்பொறி பாயும் இடைவெளி பெரும்பாலும் 0.6 முதல் 0.8 மில்லிமீட்டர்.

திரும்ப மாட்டும்போது முதல் சில சுற்றுகளைக் கையாலேயே திருகுங்கள். விரல் தடுமாறினால் மரை சரியாகச் சேரவில்லை. வெளியே எடுத்து மறுபடி வையுங்கள். புது பிளக் என்றால் கை இறுக்கத்துக்கு மேல் வாஷர் நசுங்க அரைச் சுற்று போதும். பழையதையே போட்டால் அதைவிட மிகக் குறைவு.

நல்லாகவே ஓடி, அரைமணி நேரத்தில் மூச்சடைத்தது போல நிற்கிறதா? கொஞ்சம் நின்றால் மறுபடி ஸ்டார்ட் ஆகிறதா? நின்றதும் டேங்க் மூடியைத் திறந்து பாருங்கள். ‘உஸ்’ என்று காற்று உள்ளே இழுத்தால் மூடியில் இருக்கும் காற்றுத் துளை அடைத்திருக்கிறது. பெட்ரோல் கீழே இறங்கும் இடத்தைக் காற்று நிரப்பவேண்டும். அது நுழைய வழியில்லாவிட்டால் பெட்ரோல் இறங்காது. துளையைச் சுத்தம் செய்தால் முடிந்தது. இதற்காக கார்புரேட்டரைப் பிரித்துப் பல நாள் அலைந்தவர்களைப் பார்த்திருக்கிறேன்.

செயின் ‘டக டக’ என்கிறது, வண்டி உதறிக்கொண்டு கிளம்புகிறது

இங்கே கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம். செயினைப் பலரும் பார்க்கிறார்கள், ஆனால் ஒரே ஒரு இடத்தில் பார்த்துவிட்டு விட்டுவிடுகிறார்கள்.

சென்டர் ஸ்டாண்ட் போட்டு, நியூட்ரலில் வைத்து, செயினின் கீழ்ப்பக்கம் நடுவில் விரலால் மேலும் கீழும் ஆட்டுங்கள். ஆட்டம் மொத்தம் 25 முதல் 35 மில்லிமீட்டருக்குள் இருக்கலாம். இப்போது சக்கரத்தைக் கையால் கால் சுற்று நகர்த்தி மறுபடி அளந்து பாருங்கள். இப்படியே ஐந்தாறு இடத்தில். ஓர் இடத்தில் 35, இன்னோர் இடத்தில் 15 என்று வந்தால் செயின் சீராகத் தேயவில்லை. லூஸான இடத்தில் வைத்து டைட் செய்துவிட்டுப் போனால், இறுக்கமான இடம் சுற்றி வரும்போதெல்லாம் செயின் கம்பியாக விறைத்துக் கியர் பாக்ஸ் பேரிங்கையும் பின்சக்கர பேரிங்கையும் இழுக்கும். ஆகவே அளவை எப்போதும் மிக இறுக்கமான இடத்தில் வைத்தே சரிசெய்யவேண்டும். லூஸான செயின் சத்தம் போட்டுக் காட்டிக்கொடுத்துவிடும். அதிகமாக டைட் வைத்த செயின் சத்தமில்லாமல் கெடுக்கும்.

அடுத்து, பின் ஸ்பிராக்கெட்டின் (செயின் ஓடும் பற்சக்கரம்) பின்கோடியில் இருக்கும் செயின் கண்ணியை விரலால் பின்னோக்கி இழுத்துப் பாருங்கள். பல்லிலிருந்து அரைப்பல் உயரத்துக்குச் செயின் விலகி வந்தால் அதன் ஆயுள் முடிந்துவிட்டது. பற்கள் ஒரு பக்கமாகச் சாய்ந்து கொக்கி போல ஆகியிருந்தாலும் அப்படியே. செயினை மட்டும் மாற்றாதீர்கள். தேய்ந்த பற்கள் புதுச் செயினையும் சீக்கிரம் தின்றுவிடும். இரண்டு ஸ்பிராக்கெட்டும் செயினும் சேர்ந்த செட்டாகவே மாற்றவேண்டும்.

தேய்மானம் இல்லாமல் வறண்டு மட்டும் கிடந்தால் கழுவி எண்ணெய் விட்டால் போதும். மண்ணெண்ணெயும் மென்மையான பிரஷும் போதுமானவை. பெட்ரோல் வேண்டாம், ஓ ரிங் உள்ள செயினில் ரப்பரைக் கெடுக்கும், தீ ஆபத்தும் உண்டு. துடைத்துக் காயவிட்டு, 90 கிரேடு கியர் ஆயிலை அல்லது செயின் லூபைக் கீழ்ச்செயினின் உட்பக்கத்தில் விடுங்கள். சக்கரம் சுழலும்போது எண்ணெய் வெளிப்பக்கமாகத்தான் வீசப்படும். உட்பக்கம் விட்டால்தான் கண்ணி முழுக்க ஊறும். ஓட்டி வந்து செயின் இளஞ்சூடாக இருக்கும்போது விட்டு, கொஞ்சநேரம் ஊறவிட்டு, மிகுந்ததைத் துடையுங்கள்.

இந்த வேலை முழுவதையும் இன்ஜின் அணைத்த நிலையில், கையால் சக்கரத்தைச் சுற்றித்தான் செய்யவேண்டும். சீக்கிரம் முடியுமே என்று இன்ஜினை ஓடவிட்டுத் துணியைப் பிடிப்பவர்கள் இருக்கிறார்கள். துணி செயினுக்கும் ஸ்பிராக்கெட்டுக்கும் நடுவில் மாட்டினால் விரலையும் சேர்த்து இழுத்துப்போகும். கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன், அதை மட்டும் செய்யாதீர்கள்.

டைட் வைக்கும்போது ஆக்சில் நட்டைத் தளர்த்தி, இரண்டு பக்க அட்ஜஸ்டரையும் ஒரே அளவு திருப்புங்கள். பின்னாலிருந்து குனிந்து பார்த்தால் செயின் வளையாமல் நேராக ஓடவேண்டும். செயின் லாக் (செயினின் இரு முனைகளைச் சேர்க்கும் கிளிப்) உள்ள வண்டியில் அந்தக் கிளிப்பின் மூடிய பக்கம் செயின் ஓடும் திசையைப் பார்த்து இருக்கிறதா என்பதையும் பாருங்கள்.

செயின் டைட் வைத்தபின் வண்டி இழுக்கவே மாட்டேன் என்கிறது

இது எனக்கே நடந்தது. செயினைச் சரிசெய்துவிட்டு நிம்மதியாகக் கிளம்பினேன். பத்து கிலோமீட்டர் தாண்டியதும் யாரோ பின்னாலிருந்து பிடித்து இழுப்பது போல இருந்தது. நிறுத்திப் பார்த்தால் பின்சக்கரத்தின் நடுவில் உள்ள ஹப்பில் கை வைக்க முடியவில்லை, அவ்வளவு சூடு. செயினை இறுக்கச் சக்கரத்தைப் பின்னால் தள்ளியிருந்தேன். பெடலையும் பிரேக்கையும் இணைக்கும் பிரேக் ராடின் நீளமோ அதே நீளம். பிரேக் ஷூ பாதி பிடித்தபடியே ஓடி வந்திருக்கிறது.

பின்சக்கரத்தில் டிரம் பிரேக் உள்ள வண்டியில் செயின் வேலை முடிந்ததும் பிரேக் நட்டையும் தளர்த்திச் சரிபார்க்கவேண்டும். மிதிக்கும் இடத்தில் 20 முதல் 30 மில்லிமீட்டர் வெற்று ஆட்டம் (பிரேக் பிடிக்கத் தொடங்குமுன் வெறுமனே அசையும் தூரம்) இருக்கட்டும். சக்கரத்தைச் சுற்றிவிட்டால் உரசாமல் சுற்றவேண்டும். பிரேக் லைட் தானாக எரிந்துகொண்டே இருக்கிறதா என்று ஒரு பார்வை பார்த்துவிடுங்கள். அந்த சுவிட்ச் வேலை செய்யும் இடமும் மாறியிருக்கலாம்.

இன்ஜின் கத்துகிறது, வேகம் ஏறவில்லை

கிளட்ச் வழுக்குகிறது. லிவரின் நுனியில் 10 முதல் 15 மில்லிமீட்டர் வெற்று ஆட்டம் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். கேபிள் அதிகமாக டைட் ஆகியிருந்தால் கிளட்ச் எப்போதும் லேசாக விலகியே இருக்கும். எதிர்ப்பக்கமாக, ஆட்டம் அதிகமாகிவிட்டால் கிளட்ச் முழுதாக விலகாது. கியர் கரகரக்கும், நின்ற இடத்தில் நியூட்ரல் விழாது.

ஆயில் மாற்றிய பிறகு வழுக்க ஆரம்பித்தால் டப்பாவைப் பாருங்கள். பெரும்பாலான பைக்குகளில் கிளட்ச் தட்டுகள் இன்ஜின் ஆயிலிலேயே ஊறிக்கிடக்கின்றன. அவற்றுக்கு ஜாசோ (ஜப்பானிய ஆயில் தரக் குறி) எம்ஏ அல்லது எம்ஏ2 என்று குறித்த ஆயில் வேண்டும். உராய்வைக் குறைக்கும் சரக்கு சேர்த்த கார் ஆயிலை ஊற்றினால் கிளட்ச் தட்டுகளும் வழுக்கும். எம்பி என்ற குறி ஸ்கூட்டர் வகைகளுக்கானது.

லிவர் பக்கத்தில் கேபிளின் ஒன்றிரண்டு இழை பிரிந்து தெரிந்தால் எண்ணெய் விட்டுத் தேற்ற முயலாதீர்கள். மாற்றிவிடுங்கள்.

பிரேக் பிடித்தால் சத்தம், அல்லது லிவர் பஞ்சுபோல

கழுவிய பிறகோ மழையில் நின்ற பிறகோ முதல் சில பிரேக்குக்குக் ‘கரக்’ என்று கேட்டால் பயப்படவேண்டாம்; டிஸ்கின் மேல் படிந்த மெல்லிய துரு தானே உரசிப் போய்விடும். மெல்லிய ‘கீச்’ சத்தம் தொடர்ந்தால் டிஸ்கைப் பிடிக்கும் பேடில் தூசி ஏறியிருக்கலாம், அல்லது பேடின் முகம் கண்ணாடி போல இறுகியிருக்கலாம். இரும்போடு இரும்பு உரசும் ‘கிர்ர்’ என்றால் அன்றைக்கே நிறுத்துங்கள். பேடில் தேய்மானக் கோடு மறைந்தாலோ உரசும் பகுதி ஒன்றரை மில்லிமீட்டர் அளவுக்கு வந்தாலோ மாற்றும் நேரம்தான். சத்தத்தை அடக்க டிஸ்கிலோ பேடிலோ எண்ணெயோ கிரீஸோ ஒரு துளிகூடப் படக்கூடாது.

லிவர் பஞ்சுபோல அமுங்கினால் குழாயில் காற்று இருக்கிறது, அல்லது பிரேக் ஆயில் பழசாகிவிட்டது. டாட் 4 ஆயில் காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சும். ஈரம் ஏற ஏற அது கொதிக்கும் வெப்பம் இறங்கும். இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மாற்றுவது நல்லது. காற்று எடுத்துப் பழக்கமில்லை என்றால் இதை மெக்கானிக்கிடம் விடுங்கள். ஒரு எச்சரிக்கை: இந்த ஆயில் பெயிண்டைத் தின்னும். டேங்கின் மேல் சிந்தினால் உடனே தண்ணீர் விட்டுக் கழுவவேண்டும்.

ஹேண்டில் ஒரு பக்கம் இழுக்கிறது, பிரேக் பிடித்தால் ‘டொக்’ என்கிறது

முதலில் டயரின் காற்று. வண்டி ஓடாமல் ஆறியிருக்கும்போது அளந்தால்தான் அளவு சரியாக வரும். பஞ்சர் ஒட்டியபின் இழுக்க ஆரம்பித்தால் பின்சக்கரம் நேராக மாட்டப்படவில்லை என்று சந்தேகப்படுங்கள். இதைச் சோதிக்க ரோட்டில் இரண்டு கையையும் விட்டு ஓட்டிப் பார்க்காதீர்கள்.

‘டொக்’ சத்தத்துக்கு, முன்பிரேக்கை இறுக்கிப் பிடித்து வண்டியை முன்னும் பின்னும் ஆட்டுங்கள். ஹேண்டில் கழுத்தில் தட்டுவது கைக்குத் தெரிந்தால் கோன் செட் (கழுத்திலுள்ள பேரிங்) லூஸ். முன்சக்கரத்தைத் தரையிலிருந்து தூக்கி ஹேண்டிலை மெதுவாகத் திருப்பும்போது நடுவில் வந்து பள்ளத்தில் விழுவது போல நின்றால் கோன் செட்டில் குழி விழுந்துவிட்டது. இறுக்கிப் பயனில்லை, மாற்றவேண்டும்.

இன்ஜின் ஓடும்போது ஹேண்டிலை இரண்டு பக்கமும் முழுதாகத் திருப்பியும் பாருங்கள். திருப்பும்போது இன்ஜின் சத்தம் ஏறினால் ஆக்ஸிலேட்டர் கேபிள் எங்கோ மாட்டி இழுபடுகிறது. திரும்பும் நேரத்தில் வண்டி தானாகப் பாயும் என்பதால் இதைத் தள்ளிப்போடக்கூடாது.

இண்டிகேட்டர் வேகமாக அடிக்கிறது

அந்தப் பக்கத்தில் ஒரு பல்பு போயிருக்கிறது, அல்லது எல்இடி பல்பு மாற்றியிருக்கிறீர்கள். பழைய வகை ஃபிளாஷருக்கு (விளக்கை மின்னவைக்கும் ரிலே) இரண்டு பல்பின் சுமையும் வேண்டும். எல்இடிக்கு ஏற்ற ஃபிளாஷர் போட்டால் சரியாகிவிடும்.

டேங்கில் கீறல்

இனி அழகு சம்பந்தப்பட்டவை. கீறலின் மேல் நகத்தைக் குறுக்காக இழுத்துப் பாருங்கள். நகம் மாட்டாவிட்டால் மேலே இருக்கும் கிளியர் கோட்டில் (நிறமில்லாத மேல்பூச்சு) மட்டும்தான் காயம். சுத்தமாகக் கழுவி, மைக்ரோஃபைபர் துணியில் ரப்பிங் காம்பவுண்டைப் பட்டாணி அளவு எடுத்து, கையகல இடத்தில் மிதமான அழுத்தத்தில் தேய்த்துத் துடையுங்கள். பிறகு பாலிஷ், மேலே மெழுகு. அந்தக் கிளியர் கோட் தலைமுடியைவிட மெல்லியது. ஒரே இடத்தைத் திரும்பத் திரும்பத் தேய்த்தால் அதைத் தாண்டி நிறம் வந்துவிடும். டேங்கின் விளிம்புகளில் அது இன்னும் மெல்லியதாக இருக்கும், அங்கே கூடுதல் கவனம் வேண்டும்.

நகம் மாட்டினால் காம்பவுண்டால் ஆகாது, டச் அப் பெயிண்ட் வேண்டும். நிறத்தின் குறியீடு பல வண்டிகளில் சீட்டுக்கு அடியிலோ ஃப்ரேமிலோ ஒட்டிய ஸ்டிக்கரில் இருக்கும். கண் அளவில் ‘இதே சிவப்புதான்’ என்று வாங்கினால் வெயிலில் வித்தியாசம் தெரியும். டப்பாவில் வரும் பிரஷ் இந்த வேலைக்குத் தடிமன். பல்குத்தும் குச்சியின் முனையில் ஒரு பொட்டு எடுத்துக் கீறலின் பள்ளத்துக்குள் மட்டும் வையுங்கள். பெயிண்ட் தானே ஓடிப் பள்ளத்தை நிரப்பும். காயும்போது அது சுருங்கி உள்வாங்கும், அதனால் ஒரே தடவையில் மேடு கட்டாமல் மெல்லிய பூச்சாக மூன்று நான்கு தடவை, ஒவ்வொன்றும் காய்ந்த பிறகு வையுங்கள். கடைசியில் சுற்றுப் பரப்பைவிட ஒரு இழை மேலே நிற்கவேண்டும். சில நாள் இறுகவிட்டு, 2000 எண் வாட்டர் பேப்பரை நனைத்து அந்த மேட்டை மட்டும் மெதுவாகச் சமன் செய்து, காம்பவுண்ட் போடுங்கள். உற்றுப் பார்த்தால் தெரியும். இரண்டடி தள்ளி நின்றால் தெரியாது. பொறுமையாகச் செய்தால் அவ்வளவு நன்றாக வரும் வேலை இது.

இரும்பு தெரியும் அளவுக்கு ஆழமான கீறலை அழகுக்காக இல்லாவிட்டாலும் உடனே மூடுங்கள். துரு பெயிண்டின் அடியில் ஊர்ந்து போகும்.

வெயிலில் மட்டும் தெரியும் சிலந்தி வலை போன்ற வட்டக் கோடுகள், தூசியோடு உலர்ந்த துணியால் துடைத்ததன் விளைவு. காம்பவுண்டால் அவை போகும். துடைக்கும் பழக்கம் மாறாவிட்டால் சில வாரத்தில் திரும்ப வரும்.

மேட் பெயிண்ட் வைத்திருப்பவர்களுக்கு மேலே சொன்ன எதுவும் பொருந்தாது. அதில் காம்பவுண்டோ பாலிஷோ போட்டால் தேய்த்த இடம் மட்டும் பளபளக்கும். அந்தப் பளபளப்பைத் திரும்ப எடுக்கவே முடியாது. மென்மையான சோப்புத் தண்ணீர் மட்டும் போதும்.

குரோமில் துருப்புள்ளி

அலுமினியத் தாளைக் கசக்கித் தண்ணீரில் நனைத்துத் தேய்த்துப் பாருங்கள். அலுமினியம் குரோமைவிட மென்மையானது, அதனால் கீறல் விழுவதில்லை. துரு பழுப்புக் கூழாகக் கழன்று வரும். துடைத்து உலர்த்தி மெழுகு பூசுங்கள். முன் ஃபோர்க்கின் கம்பியில், ஆயில் சீல் ஏறி இறங்கும் இடத்தில் துருப்புள்ளி இருந்தால் அது அழகுப் பிரச்சினை மட்டும் அல்ல. அந்தச் சொரசொரப்பு சீலை அறுத்து, ஆயிலைக் கசியவைக்கும். கசிந்த ஆயில் முன் டிஸ்கில் வழிந்தால் பிரேக் பிடிக்காது.

ஹெட்லைட் கண்ணாடி மஞ்சளாகிவிட்டது

வெளிப்பக்கம் மஞ்சளாகியிருந்தால் சரிசெய்யலாம். உட்பக்கம் என்றால் முடியாது. சுற்றிலும் டேப் ஒட்டி, 1000, 1500, 2000 என்ற வரிசையில் வாட்டர் பேப்பரை நனைத்து நனைத்துத் தேய்த்து, பிளாஸ்டிக் பாலிஷ் போடுங்கள். முதல் பேப்பர் போட்டதும் முழுக்க வெளுத்து மங்கிப்போகும், கலங்கவேண்டாம், அடுத்தடுத்த பேப்பரில் தெளியும். ஆனால் மஞ்சளைத் தேய்த்து எடுக்கும்போது வெயிலைத் தடுக்கும் மேல்பூச்சும் சேர்ந்து போய்விடுகிறது. புற ஊதாக் கதிரைத் தடுக்கும் கிளியர் கோட்டை மேலே அடிக்காமல் விட்டால் சில மாதத்தில் மறுபடி மஞ்சளாகும். பற்பசையால் தேய்த்துவிட்டு அப்படியே விட்டாலும் அதே கதைதான்.

சைலன்சரில் உருகி ஒட்டிய பிளாஸ்டிக்

மழைக்கோட்டோ செருப்பின் அடியோ பட்டு உருகிக் கறுப்பாக அப்பியிருக்கும். ஆறிய நிலையில் கத்தியால் சுரண்டினால் குரோமும் சேர்ந்து கீறும். இன்ஜினைக் காற்றோட்டமான இடத்தில் சில நிமிடம் ஓட்டி, பிளாஸ்டிக் இளகியதும் அணைத்துவிட்டு, தடித்த கையுறை போட்டு மரக்குச்சியால் வழித்து எடுங்கள். மிஞ்சும் கறையை, சைலன்சர் முழுதாக ஆறியபின் மெட்டல் பாலிஷ் கொண்டு தேய்த்தால் போய்விடும்.